மேசைக்கு முன்னால் ஒரு பந்தயக் கார்

சனிக்கிழமை மாலை மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தை கூடிவிடும். துணிக்கடைகளில் சேலையும் கைலியும் குவிந்து கிடக்கும். கடைக்குத் துணையாக வந்து நிற்க வேண்டிய மகன் அந்த நேரத்தில் வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் கோபம் வராது? "அத்தா, ஒன்பது மணிக்கு ரேஸ் இருக்கு" என்கிறான் பையன். "விளையாட்டுக்கு நேரம் வேற குறிச்சுக் கொடுக்கிறாங்களா?" என்று கேட்கிறார் அத்தா. இருவருமே பொய் சொல்லவில்லை. அவன் பார்ப்பது ஒன்று, இவர் பார்ப்பது வேறொன்று.

இந்தச் சண்டை கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பல வீடுகளில் நடக்கிறது. அதைத் தீர்ப்பதற்கு முன்னால் 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி சிப்பாங்கில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. டூரிங் கார்களுக்கென்று 2018 முதல் 2022 வரை டபிள்யூ.டி.சி.ஆர். என்ற உலகத் தொடர் நடந்துவந்தது. 2019-ஆம் ஆண்டுத் தொடரின் கடைசிக் கட்டம் சிப்பாங்கில் நடந்தது. இறுதிப் பந்தயம் இரவில், மின்விளக்கு வெளிச்சத்தில் ஓடியது. பட்டத்தை வென்றவர் நோர்பெர்ட் மிக்கெலிஸ் என்ற ஹங்கேரிக்காரர். பந்தய உலகம் இவரைத் தனியாக நினைவில் வைத்திருக்கிறது. காரணம், அவருடைய தொடக்கம். பணக்காரப் பிள்ளைகளைப் போல ஆறு வயதில் கார்ட் வண்டியில் ஏறியவர் அல்லர் இவர். கணினி சிமுலேட்டரில் ஓட்டிப் பழகியவர். அதற்குப் பிறகுதான், 2006-இல், தம் நாட்டின் சுசுகி ஸ்விஃப்ட் போட்டியில் உண்மையான காரில் அமர்ந்தார். அங்கிருந்து சிப்பாங் பட்டத்துக்கு வந்துசேர 13 ஆண்டுகள் ஆயின.

எல்லாப் பிள்ளைகளும் மிக்கெலிஸ் ஆகிவிட மாட்டார்கள். நூற்றில் ஒருவர்கூட ஆக மாட்டார். அதைச் சொல்லாமல் விடுவது பெற்றோரை ஏமாற்றுவதாகும். ஆனால் அறைக்குள் நடப்பது வெறும் பொழுதுபோக்கா, பயிற்சியா என்பதை எது முடிவு செய்கிறது? பந்தயத்தன்று இரவு ஒன்பது மணிக்கு என்ன நடக்கிறது என்பதைவிட, அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் என்ன நடந்தது என்பதுதான் முடிவு செய்கிறது. ஆயத்தம் இல்லாமல் ஓட்டுபவன் முதல் வளைவிலேயே தானும் மோதி, கூட வரும் நால்வரையும் கெடுத்துவிட்டு வருவான். அப்படிப்பட்டவனைப் பார்த்துத்தான் அத்தாவுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானதே.

ஏன் இந்த வழி?

கார்ப் பந்தயம் ஆசைக்கு எட்டும், கைக்கு எட்டாது. சிப்பாங் தடம் 1999-இல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல் 2017 வரை அங்கே ஃபார்முலா 1 நடந்தது. அதற்கு முன்னால் ஷா ஆலாமில் பத்து தீகா தடம் இருந்தது, இன்று அது இல்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டியதையும், சென்னைக்காரர் கருண் சந்தோக் 2010-இல் அதே வரிசையில் நின்றதையும் நம்மவர்கள் பெருமையோடு பார்த்தார்கள். 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது எத்தனை கைப்பேசிகளில் அந்தக் காணொளி ஓடியது! ஆனால் கார், டயர், மெக்கானிக், உரிமம், தட வாடகை என்று கணக்குப் போட்டால், மாதச் சம்பளக்காரரின் வீட்டுக்கு அந்தக் கதவு திறப்பதே இல்லை. ஆசை மட்டும் மிஞ்சும். மிஞ்சிய ஆசை சில நேரங்களில் நள்ளிரவு நெடுஞ்சாலையில் போய் நிற்கிறது. அதன் முடிவு எப்படி இருக்கும் என்பது நாளிதழ் படிக்கும் எவருக்கும் தெரியும்.

கணினிப் பந்தயத்துக்கும் செலவு உண்டு. ஆனால் அது ஒரு வீடு தாங்கக்கூடிய செலவு. அதைவிட முக்கியம், மோதினால் யாரும் சாவதில்லை.

டூரிங் கார் என்றால்

கூரையில்லாத, சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபார்முலா வண்டி அல்ல இது. கடைத்தெருவில் நிற்கும் ஹோண்டா சிவிக், ஹூண்டாய் போன்ற கார்களின் உடலை வைத்துப் பந்தயத்துக்கென்று செய்தது. இன்று உலகெங்கும் பரவியிருப்பது டி.சி.ஆர். விதி. 2 லிட்டர் டர்போ இயந்திரம், ஏறக்குறைய 350 குதிரைசக்தி, முன்சக்கர இயக்கம். 2015-இல்தான் இந்த விதியில் முதல் பந்தயங்கள் ஓடின. இணையத்தில் ஐரேசிங், ரேஸ்ரூம், அசெட்டோ கோர்சா போன்ற மென்பொருள்களில் இந்தக் கார்களை ஓட்டலாம்.

முன்சக்கர இயக்கம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. வண்டியை இழுப்பதும் முன்டயர், திருப்புவதும் முன்டயர், பிரேக்கின் பெரும்பாரத்தைத் தாங்குவதும் முன்டயர். பின்டயர்கள் கல்யாண வீட்டு விருந்தாளிகள் மாதிரி, கூடவே வரும், வேலை செய்யாது. ஆகவே முன்டயர்கள் சீக்கிரம் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பின்டயர்களோ முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் சூடே ஏறாமல் வழுக்கும்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் வருகின்றன. ஸ்டீரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறதோ அவ்வளவுக்கு ஆக்சிலரேட்டரைக் குறைக்க வேண்டும். வளைவின் நடுவில் அவசரப்பட்டு மிதித்தால் கார் திரும்பாது, வெளியே தள்ளிக்கொண்டு போகும், டயரும் தேயும். இரண்டாவது பாடம், தொடக்கச் சுற்றுகளில் வளைவின் நடுவே பயந்து திடீரென்று காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் எடை முன்னால் சாய, குளிர்ந்த பின்டயர் பிடி விட்டுக் கார் சுழன்றுவிடும். அப்போது மெல்ல ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்சக்கரங்கள் வண்டியை இழுத்து நேராக்கும். சாலையில் கார் ஓட்டிப் பழகிய பெரியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அதனால்தான் பழக்கம் வேண்டும் என்கிறது.

நாற்காலியில் தொடங்குங்கள்

லோ யாட் பிளாசாவுக்குப் போய் விலை உயர்ந்த ஸ்டீரிங்கைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் ஆயத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டீரிங்கைவிட பிரேக் மிதிதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. சாதாரண மிதி, கால் எவ்வளவு தூரம் போனது என்பதை அளக்கும். லோட் செல் பொருத்திய மிதி, கால் எவ்வளவு பலமாக அழுத்தியது என்பதை அளக்கும். மனிதக் காலுக்குத் தூரத்தைவிடப் பலம் நன்றாக நினைவிருக்கும். ஆகையால் பணம் கொஞ்சமே இருந்தால், பயன்படுத்திய சாதாரண ஸ்டீரிங் ஒன்றை வாங்கிவிட்டு, மிச்சத்தை நல்ல மிதிக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

அதற்கும் முன்னால் நாற்காலி. அலுவலக நாற்காலியின் அடியில் உருளும் சக்கரம் இருக்கிறதே, பலமாக பிரேக் மிதித்தால் ஓட்டுபவர் நாற்காலியோடு பின்னால் போய்விடுவார். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதனால் தோற்றவர்கள் ஏராளம். நாற்காலியை மேசைக் காலோடு கயிற்றால் கட்டுங்கள், அல்லது சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். செலவே இல்லாத திருத்தம் இதுதான்.

அடுத்தது பார்வைக்கோணம். திரையில் எவ்வளவு அகலமான காட்சி தெரிய வேண்டும் என்பதை மென்பொருளில் மாற்றலாம். அகலமாக வைத்தால் எல்லாம் தெரிகிறதே என்று பையன்கள் அகலமாக வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைத்தால் தூரமெல்லாம் பொய்யாகிவிடும். வளைவு எட்டத்தில் இருப்பதுபோல் காட்டும், வந்து மோதிய பிறகுதான் தெரியும். தையற்கடை நாடாவை எடுத்து அளந்துகொள்ள வேண்டும். 27 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 60 செ.மீ. கண்ணிலிருந்து திரை 60 செ.மீ. தூரத்தில் இருந்தால் சரியான கிடைக்கோணம் சுமார் 53 பாகை. சில மென்பொருள்கள் செங்குத்துக் கோணத்தைக் கேட்கும். அப்போது 31 பாகை. முதல் நாள் குறுகலாகத் தெரியும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

நோட்டுப் புத்தகம்

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னதாகச் செய்ய வேண்டிய முதல் வேலை ஓட்டுவதல்ல, படிப்பது. போட்டி விதிகளை முழுதாகப் படிக்க வேண்டும். எந்தத் தடம், எத்தனை நிமிடம், டயர் மாற்றக் கட்டாயமா, வென்ற காருக்கு அடுத்த பந்தயத்தில் கூடுதல் பாரம் ஏற்றுவார்களா? டூரிங் கார் பந்தயத்தில் இந்தப் பாரம் ஏற்றும் வழக்கம் பழையது. இன்னொரு விசித்திரமும் உண்டு. தகுதிச் சுற்றில் முதல் பத்து இடம் பிடித்தவர்களை இரண்டாவது பந்தயத்தில் தலைகீழாக நிறுத்துவார்கள். டபிள்யூ.டி.சி.ஆரில் இருந்த இந்த முறையைப் பல இணையத் தொடர்களும் பின்பற்றுகின்றன. அதாவது பத்தாவதாக வந்தவருக்கு இரண்டாம் பந்தயத்தில் முதலிடம். பதினொன்றாவதாக வந்தவருக்கோ ஒன்றும் இல்லை. விதியைப் படிக்காதவர் இந்த ஒரு இடத்தின் அருமையை அறியாமலே ஓட்டிக்கொண்டிருப்பார்.

பிறகு தடத்தைப் படிக்க வேண்டும். சிப்பாங்கையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். 15 வளைவுகள். அவற்றில் 10 வலப்பக்கம், 5 இடப்பக்கம். வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் இடது முன்டயர்மேல் பாரம் விழுகிறது. ஆகவே முன்சக்கரக் காருக்கு இங்கே முதலில் களைத்துப்போவது இடது முன்டயர். முதல் வளைவு வலப்பக்கமாக உள்ளே சுருண்டுகொண்டே போய், உடனே இடப்பக்கம் மடங்குகிறது. அங்கே ஆசைப்பட்டு நுழைபவர் இரண்டாவது வளைவில் தவறான பக்கத்தில் நிற்பார். 14-ஆவது வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. பின்டயர் குளிர்ந்திருந்தால் சுழல்வது பெரும்பாலும் அங்கேதான். கடைசி வளைவு இரண்டு நீண்ட நேர்ச்சாலைகளுக்கு நடுவே இருக்கிறது. அதிலிருந்து நன்றாக வெளியேறியவர் அடுத்த நேர்ச்சாலை முழுவதும் அதன் பலனை அனுபவிப்பார்.

இதையெல்லாம் கடையில் கடன் எழுதும் நோட்டுப் போல ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். எந்தப் பலகைக்கு நேராக பிரேக், எந்த கியர், எங்கே தவறு நடந்தது. அதிவேகமான ஒரு சுற்று கிடைத்துவிட்டதென்று குதிப்பதில் பயன் இல்லை. தொடர்ந்து பத்துச் சுற்றுகள், ஒன்றுக்கொன்று அரை வினாடிக்குள், தடத்தைவிட்டு வெளியேறாமல் ஓட்ட முடிகிறதா? முடிந்தால் அவர் பந்தயத்துக்குத் தயார். முடியாவிட்டால் இன்னும் இரண்டு நாள் பழக வேண்டும்.

எரிபொருள் கணக்கும் நோட்டில்தான். டி.சி.ஆர். காருக்குச் சிப்பாங்கில் ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டேகால் நிமிடம். 30 நிமிடப் பந்தயத்தில் 13 சுற்று முடிந்து 14-ஆவது ஓடிக்கொண்டிருக்கும்போது நேரம் தீரும். அந்தச் சுற்றையும் முடிக்க வேண்டும். சுற்றுக்கு 3 லிட்டர் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் 42 லிட்டர். கூட ஒரு சுற்றுக்குச் சேர்த்து 45. பயந்துகொண்டு 60 ஊற்றினால் அந்த 15 லிட்டரையும் முன்டயர்தான் சுமக்கும்.

காரின் அமைப்பைத் திருத்துவது பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் வேகமானவர்களின் அமைப்பு இலவசமாகவே கிடைக்கும். அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வது போன்றது அது. அவருடைய காலுக்கும் கைக்கும் ஏற்றதை அவர் செய்துவைத்திருக்கிறார். டயர் காற்று, முன்பின் பிரேக் விகிதம், பின்பக்க ஆன்டி-ரோல் பார் என்ற மூன்றைத் தொட்டால் புதியவருக்குப் போதும். அதிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து சுற்று ஓட்டிப் பார்த்து, நோட்டில் குறிக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

இரண்டரைக் கார் தூரம்

இணையப் பந்தயத்துக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பக்கத்தில் ஓடும் கார் திரையில் தெரிகிற இடத்தில் உண்மையில் இல்லை. அந்த ஓட்டுநரின் வீட்டிலிருந்து செய்தி சர்வருக்குப் போய், அங்கிருந்து இங்கே வர நேரம் பிடிக்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 55 மீட்டர் ஓடும். செய்தி வர ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமானால் 11 மீட்டர். ஒரு டூரிங் காரின் நீளம் நாலரை மீட்டர் சொச்சம். ஆக ஏறக்குறைய இரண்டரைக் கார் தூரத்துக்கு மென்பொருள் ஊகம் செய்துதான் காட்டுகிறது. நேர்ச்சாலையில் ஊகம் சரியாக இருக்கும். முன்னால் இருப்பவர் திடீரென்று பிரேக் பிடித்தால் ஊகம் பொய்க்கும். உரசாமலே உரசியதாகிவிடும், இருவரும் மற்றவர்மேல் பழி போடுவார்கள்.

ஆகவே வைஃபையை நம்பாமல் கம்பி இணைப்புப் போடுவது கட்டாயம். வீட்டில் அந்த நேரத்தில் யாரும் படம் இறக்காமல் இருப்பது நல்லது. முடிந்தவரை சிங்கப்பூர் போன்ற பக்கத்து ஊர் சர்வரில் நடக்கும் போட்டிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு செய்தாலும் தாமதம் முழுமையாகப் போகாது. அதனால் நிஜத் தடத்தில் விடுவதைவிட ஒரு கை அகலம் கூடுதலாக இடம் விட்டு ஓட்டத் தெரிந்தவரே இணையத்தில் கடைசிச் சுற்றைப் பார்க்கிறார். முதல் வளைவில் இரண்டு இடம் விட்டுக்கொடுத்தவர் மூன்றாவது வளைவுக்குள் ஐந்து இடம் முன்னேறியிருப்பது அடிக்கடி நடக்கும். முன்னால் போனவர்கள் மோதிக் கிடப்பார்கள்.

சர்வர் எங்கே இருக்கிறது என்பது தூக்கத்தையும் பாதிக்கிறது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் பந்தயம் கோலாலம்பூரில் விடியற்காலை 3 மணி. எஸ்.பி.எம். எழுதப்போகும் பையன் வார நாளில் மூன்று மணிக்கு விழித்திருந்தால் அங்கே அத்தா போடுவதுதான் சட்டம். ஆசிய நேரத்தில் வார இறுதியில் ஓடும் தொடர்கள் இருக்கின்றன. அவற்றில் சேரலாம். பயிற்சி நேரத்தை வாரத்துக்கு இத்தனை மணி என்று இருவரும் பேசி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், ஒவ்வொரு நாளும் கதவைத் தட்டிச் சண்டை போட வேண்டியதில்லை.

பெயர் கெட்டால்

2020-இல் கொள்ளைநோய் காரணமாகத் தடங்கள் மூடப்பட்டபோது உலகத்தின் பெரிய ஓட்டுநர்களே வீட்டில் உட்கார்ந்து சிமுலேட்டரில் போட்டியிட்டார்கள். டபிள்யூ.டி.சி.ஆர். ஓட்டுநர்களும் ரேஸ்ரூமில் ஒரு தொடர் ஓட்டினார்கள். அந்த ஆண்டுதான் இது விளையாட்டுக் காரியம் அல்ல என்பது பலருக்கு உறைத்தது. ஃபார்முலா இ ஓட்டுநரான ஜெர்மனியின் டேனியல் ஆப்ட், மே மாதம் நடந்த ஓர் இணையப் பந்தயத்தில் தமக்குப் பதிலாக வேறொருவரை ஓட்ட வைத்தார். கண்டுபிடித்துவிட்டார்கள். அவருக்கு 10,000 யூரோ அபராதம், அவுடி அணியில் இருந்த இடமும் போயிற்று. அதற்கு முந்தைய மாதம், அமெரிக்காவின் கைல் லார்சன் இணையப் பந்தயத்தின்போது மைக்கில் இனவெறிச் சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு உண்மையான வேலையை இழந்தார். நாலு பேர் கேட்கும் மைக்கில் வாய் தவறினால் நம் வட்டாரத்துச் சின்னப் போட்டிகளிலும் கதவு அடைபடும். யாராவது இடித்துவிட்டால் அந்த நேரத்தில் பேசாமல் ஓட்டி முடித்து, பிறகு பதிவான காட்சியில் எந்த நிமிடம் என்று குறித்து நடுவர்களுக்கு எழுதி அனுப்புவதுதான் முறை. பெரும்பாலான தொடர்களில் மைக்கை அணைத்துவைக்கத் தடையில்லை. புதியவர்கள் அணைத்தே வைக்கலாம்.

பந்தய நாளில் புதிதாக எதையும் செய்யாமல் இருப்பதே பெரிய வேலை. மென்பொருள் புதுப்பிப்புகளை முந்தைய இரவே முடித்துவிட வேண்டும். பந்தயம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் கணினி தானே நின்று மறுபடி எழுந்த கதைகள் நிறைய. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழைக்கு இடி மின்னல் துணைக்கு வரும். பந்தயம் இல்லாத நேரத்தில் செருகிகளைக் கழற்றிவைப்பது கணினியைக் காக்கும். அறையில் விசிறி வேண்டும். வியர்த்த கையில் ஸ்டீரிங் வழுக்கும். இஷா தொழுகை, சாப்பாடு எல்லாம் முன்னதாகவே முடிந்திருந்தால் பாதியில் எழுந்து போக வேண்டிய நெருக்கடி இருக்காது.

பிறகு பச்சை விளக்கு. முதல் இரண்டு சுற்று பின்டயரை நினைவில் வைத்து, மூன்றாவது சுற்றிலிருந்து முன்டயரை நினைவில் வைத்து ஓட்ட வேண்டும். அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும்.

அடுத்த நாள் காலை கடைக்குப் போகும் முன் பதிவான காட்சியை ஒருமுறை பார்க்கலாம். தன் காரிலிருந்து பார்ப்பதைவிட, தனக்குப் பின்னால் வந்தவரின் காரிலிருந்து பார்ப்பது அதிகம் சொல்லித்தரும். எந்த வளைவில் தான் தாமதமாகக் கதவைச் சாத்தினோம், எங்கே அவருக்கு இடம் விட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே தெரியும். அத்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினால் அவருக்கும் சில கேள்விகள் இருக்கும். நாற்காலியை ஏன் கயிற்றால் கட்டியிருக்கிறாய் என்பது அவற்றில் முதலாவதாக இருக்கலாம்.